ஐலீன் அத்தை கொடுத்த உறைகள்

ஐலீன் அத்தை ஒரு சிடியைக் கையில் எடுக்கும் விதத்தைப் பார்த்தவர்கள் அவரைப் பகைத்துக்கொள்ளத் தயங்கியிருக்க வேண்டும். நடுத்துளையில் ஆள்காட்டி விரல், விளிம்பில் கட்டைவிரல். வேறு எங்கும் விரல் படாது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். தூசு தெரிந்தால் பழைய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு வரை நேராக ஓர் இழுப்பு. பிறகு பக்கத்தில் இன்னோர் இழுப்பு. வட்டமாகத் துடைக்கவே மாட்டார்.

“வட்டமா தொடச்சா கீறல் பாட்டு கூடவே ஓடும், பாட்டு செத்துடும். நேரா தொடச்சா கீறல் குறுக்கால போவும், மெஷின் தாண்டிப் போயிடும்,” என்பார்.

ஒரு சிடிக்கு இவ்வளவு பொறுமை காட்டுகிறவர் ஒரு கோபத்துக்கும் அதே பொறுமையைக் காட்டுவார். வயிரவன் செட்டியார் அதை யோசிக்கவில்லை.

அத்தை இளம் வயதில் மலேசியாவில் எங்கள் ஊரான குளுவாங்கில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஓர் இசைக்கடையில் வேலை பார்த்தார். கேசட்டில் தொடங்கிய கடை, சிடியில் வளர்ந்து, எல்லாரும் கைப்பேசியில் பாட்டுக் கேட்க ஆரம்பித்ததும் மூடப்பட்டது. பிறகு ஒரு கிளினிக்கில் மருந்து கொடுக்கும் இடத்தில் சேர்ந்தார். இன்றும் அங்கேதான். மாத்திரை டின்களுக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு குட்டிப் பொட்டலம் இருக்குமே, அதை யாரும் குப்பையில் போட விடமாட்டார். எல்லாம் வீட்டுக்கு வந்து சிடி அலமாரியின் மூலைகளில் உட்காரும். நம் ஊர் ஈரத்தில் சிடிக்கும் பூஞ்சை பிடிக்கும். உள்ளிருக்கும் வெள்ளிப் பூச்சில் நரம்பு நரம்பாக ஓடும். அத்தையிடம் உள்ள ஒன்றில்கூட அது கிடையாது.

மற்றவர்கள் பாடகர் பெயராலோ படத்தின் பெயராலோ அடுக்குவார்கள். அத்தை தேவாலய ஆண்டின்படி அடுக்கியிருந்தார். மேல்தட்டில் திருவருகைக் காலம், அடுத்து கிறிஸ்துமஸ், பிறகு தவக்காலம், அதன்பின் ஈஸ்டர் என்னும் உயிர்ப்பு. சினிமாப் பாட்டுக்கும் இதற்குள் இடம் உண்டு. மழைப் பாட்டெல்லாம் டிசம்பர் மழையோடு திருவருகையில். கல்யாணப் பாட்டெல்லாம் உயிர்ப்புக்குப் பின்னால், ஏனென்றால் தவக்காலத்தில் எங்கள் பங்குக் கோயிலில் கல்யாணம் வைப்பதில்லை. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று சினிமா சிடிகள் எல்லாவற்றையும் முதுகு உள்பக்கம் போகும்படி திருப்பி வைப்பார். உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு மறுபடி திருப்புவார். நான் சிறுமியாக இருந்தபோது நாற்பது நாள் வெளுத்துக் கிடந்த அலமாரிக்கு அன்று திடீரென்று நிறம் வரும்.

கிறிஸ்துமஸ் வரிசையின் கடைசியில் ஒரு சிடி இருந்தது. கடையில் வாங்கியதல்ல. வெள்ளை முகத்தில் நீல மையால் ‘கிறிஸ்துமஸ் 2001’ என்று எழுதியிருக்கும். எழுதியவர் என் அப்பா பிரெட்ரிக், அத்தையின் ஒரே தம்பி. அந்த வருடப் பாடகர் குழுவின் பாட்டுகளை யாரோ பதிவுசெய்து ஒருசில பிரதிகள் கொடுத்திருக்கிறார்கள். கடைசிப் பாட்டை அப்பா தனியாகப் பாடியிருக்கிறார். பாட்டு முடிந்ததும் பதிவை நிறுத்த மறந்துவிட்டார்கள். ஒரு நாற்காலி கிரீச்சிடும். பிறகு அப்பா சொல்வார்: “அக்கா, நல்லா வந்துச்சா? பாப்பா அழலையே?”

பாப்பா என்பது நான். அத்தையின் மடியில் இருந்திருக்கிறேன்.

அடுத்த வருடம் அப்பா விடியற்காலையில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். அம்மா ஜொகூர் பாரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். நான் அத்தையிடம் வளர்ந்தேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அன்றும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை அந்த சிடியை ஒரே ஒரு முறை போடுவார். போடுவதற்கு முன் அதைத் திருப்பி எனக்குக் காட்டுவார். சிடி நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிக்கப்படுவது. பதிவான பகுதி கொஞ்சம் இருண்டும் பதியாத பகுதி வெளிர்ந்தும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு, விளிம்பை ஒட்டி.

“இந்தக் கோட்டுலதான் உங்கப்பா பாப்பான்னு சொல்றான்,” என்று அத்தை விரலால் தொடாமல் காட்டுவார்.

குளுவாங்கில் இசை நண்பர்கள் குழு என்று ஒன்று உண்டு. மாதம் ஒரு ஞாயிறு கூடுவார்கள். ஆளுக்கொரு சிடி கொண்டுவந்து போட்டு, தேநீர் குடித்துக்கொண்டே கேட்பார்கள். தலைவர் வயிரவன் செட்டியார். இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே வீடு, வீட்டின் முன்கூடத்தில்தான் கூட்டம். ஊரிலேயே அதிக சிடி அவரிடம்தான் இருந்தது. கேட்பதைவிட வாங்குவதில் ஆசை. பெட்டிக்கு மேல் பெட்டியாகப் படுக்க வைத்து அடுக்கியிருப்பார், எடுக்கும்போது கட்டைவிரல் வெள்ளியில் அழுந்தும். அத்தை அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அப்பாவின் சிடிக்கு வயதாகிக்கொண்டிருந்தது. முகத்தில் நீல மை மங்கத் தொடங்கியதும் அத்தைக்குப் பயம் வந்தது. எங்கள் வீட்டுக் கணினியில் சிடி போடும் வாய் இல்லை. செட்டியாரிடம் நல்ல பதிவுக் கருவி இருந்தது.

“குடுங்க தங்கச்சி, ரெண்டு காப்பி போட்டுத் தர்றேன். இதெல்லாம் ஒரு வேலையா?” என்றார்.

அத்தை பெட்டியை அலமாரியிலேயே விட்டு, சிடியை மட்டும் துணியில் சுற்றிக் கொடுத்தார். வாழ்க்கையில் அந்த ஒரு சிடியைத்தான் அவர் வெளியே கொடுத்தது.

ஒரு மாதம் போயிற்று. இரண்டாவது மாதம் அத்தை கேட்டார். நாளைக்கு என்றார் செட்டியார். மூன்றாவது மாதம் கேட்டபோது கூட்டம் நிறைந்திருந்தது. நானும் போயிருந்தேன்.

“அதான் திருப்பிக் குடுத்துட்டேனே தங்கச்சி!”

“இல்லண்ணே. குடுக்கல.”

“குடுத்தேன் லா. போன கூட்டத்துல. மஞ்சக் கவர்ல போட்டு. நீங்க பேக்ல வச்சதக் கண்ணால பாத்தேன்.”

“எங்கிட்ட மஞ்சக் கவர் எதுவும் வரலண்ணே.”

செட்டியார் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். “வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். லூப்பா ஆயிட்டாங்க, மறதி. உங்க வீட்ல எங்கயாச்சும் சொருகி வச்சிருப்பீங்க, தேடுங்க தங்கச்சி, நல்லா தேடுங்க.”

பக்கத்தில் இருந்த மணியம் அண்ணன், “சிஸ்டர், சாம்பார் டப்பாவுல பாருங்க,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அத்தைக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். “சரிண்ணே. தேடறேன்,” என்றார். பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பினோம். வந்ததும் அத்தை கிறிஸ்துமஸ் வரிசையின் கடைசியில் இருந்த காலிப் பெட்டியை எடுத்துத் துடைத்து, அதே இடத்தில் நிமிர்த்தி வைத்தார்.

“என் வீட்ல எதையும் சொருகி வைக்கிறதில்ல, அபி,” என்றார்.

“தெரியும் அத்தே.”

“தொலச்சிட்டேன்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேன், விட்டிருப்பேன். எனக்குப் புத்தி இல்லன்னு சொல்லிட்டான்.”

அவன் என்று அத்தை யாரையும் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அடுத்த வருடம் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தோம். செட்டியாருக்குப் பொழுது போகவில்லை. புதிதாக ஒரு கண்ணாடி அலமாரி செய்யச் சொல்லியிருந்தார், அதில் சிடிகள் கொள்ளவில்லை. அத்தையை அழைத்தார். கைப்பேசியின் ஒலி கூட்டி வைத்திருந்ததால் நானும் கேட்டேன்.

“தங்கச்சி, நீங்க கடையில இருந்த ஆளு, உங்களக் கேக்காம யாரக் கேக்கறது? இந்த சிடி கேஸ் எல்லாம் எடத்த அடைக்குது. என்ன பண்ணலாம்?”

அத்தையின் பார்வை பின்கட்டுப் பக்கம் போயிற்று.

“எங்கிட்ட கவர் இருக்குண்ணே. மெத்து மெத்துன்னு, பளிச்சுன்னு. கடை மூடறப்ப மொதலாளி குடுத்தாரு. நாலு கேஸ் வைக்கிற எடத்துல இருபது கவர் வைக்கலாம்.”

“அலமாக்! இத மொதல்லயே சொல்லக் கூடாதா? என்ன வெல?”

“சும்மாவே எடுத்துக்குங்கண்ணே.”

பின்கட்டில் இருந்த அட்டைப்பெட்டியை இருவரும் தூக்கி வந்தோம். திறந்ததும் புது மழைக்கோட்டு வாசனை மூக்கில் ஏறியது. எனக்கு அந்த உறைகளைத் தெரியும். கடையில் இருந்தபோது வாடிக்கையாளர்கள் அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போட்ட கதையை அத்தை பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த மெத்தென்ற பிளாஸ்டிக்கில் எண்ணெய் மாதிரி ஒன்று கலந்திருக்கும். வெயிலிலும் புழுக்கத்திலும் அது மெல்லக் கசிந்து சிடியின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளிப் பூச்சு சிடியின் அடியில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அது முகப்பக்கம், அச்சுக்குச் சற்றுக் கீழே, மெல்லிய ஒரு பூச்சின் காவலில் இருக்கிறது. உறை ஒட்டிக்கொண்டால், பிரிக்கும்போது வெள்ளியும் சேர்ந்து வந்துவிடும். பாட்டு இருப்பதே அந்த வெள்ளியில்தான்.

“இது அந்த ஒட்டற கவர்தானே அத்தே?”

“ஆமா.”

அவர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்து வாசலுக்குத் தூக்கினேன்.

கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்ததும் செட்டியாரின் கடைப் பையன்கள் லாரியோடு வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் அவர் வீட்டம்மா கண்ணாத்தாள் ஆச்சி ஒரு டின் நிறைய முறுக்கு அனுப்பினார். அத்தை நன்றி சொல்ல அழைத்தார். அப்படியே யோசனையும் சொன்னார்.

“நல்லா நெருக்கி அடுக்குங்கண்ணே, காத்து போனா தூசு போவும். அலமாரிய ஜன்னலுக்கு நேரா வைங்க. சாயங்கால வெயில் பட்டா கவரெல்லாம் சும்மா தகதகன்னு இருக்கும். பழைய கேஸ வச்சிக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க, தூக்கிப் போட்டுடுங்க.”

“உங்க மாதிரி ஆளு கெடைக்காது தங்கச்சி,” என்றார் செட்டியார்.

முறுக்கை நாங்கள் ஒரு வாரம் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். தடை நீங்கி வீடுகளில் தீபாவளி திறந்த இல்ல விருந்து மறுபடி தொடங்கியதும் அத்தை தவறாமல் செட்டியார் வீட்டுக்குப் போனார். கையில் தட்டோடு கண்ணாடி அலமாரி முன்னால் நிற்பார். உறைகளின் ஓரம் மஞ்சள் பூத்திருக்கிறதா, ஒன்றோடொன்று ஒட்டிக் கருத்திருக்கிறதா என்று பார்ப்பார். சூப்பில் உப்பு பார்க்கிறவர் முகம் மாதிரி இருக்கும். பார்த்தவர்கள், ஐலீனுக்குத்தான் பாட்டின் மேல் எவ்வளவு ஆசை என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஆனால் ஒன்று அத்தை எதிர்பார்க்காதது. செட்டியார் அந்த சிடிகளைத் தொடவே இல்லை. கூட்டத்தில்கூட அவர் இப்போதெல்லாம் கைப்பேசியில் பாட்டுப் போட்டு ஒலிபெருக்கிக்கு அனுப்பினார். அலமாரி அழகுக்கு நின்றது. உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தன, உடையவருக்குத் தெரியவில்லை.

“கேட்டாத்தானே தெரியும்?” என்று அத்தை ஒருநாள் துணி மடித்துக்கொண்டே வெடித்தார். “கேக்காத மனுஷனுக்கு எதுக்கு இத்தன சிடி? எம்பிள்ள கொரல வாங்கி வச்சிக்கிட்டு…”

தம்பியை எம்பிள்ளை என்றுதான் எப்போதும் சொல்வார்.

போன வருடம் பொங்கல் கூட்டத்துக்கு முன்னால் அத்தை குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு யோசனை எழுதினார். அவர் அங்கே எதுவும் எழுதுவதில்லை என்பதால் எல்லாரும் கவனித்தார்கள். இந்தமுறை கைப்பேசி வேண்டாம், ஆளுக்கொரு பழைய சிடி, தலைவர் அவருடைய அப்பா காலத்துக் கோயில் திருவிழா நாதஸ்வரத்தைப் போட வேண்டும் என்று. அது செட்டியாரின் பெருமை. பொந்தியான் பக்கம் ஒரு கோயிலுக்கு அவர் அப்பா வரவழைத்த குழு வாசித்ததைப் பழைய நாடாவிலிருந்து சிடியாக்கி வைத்திருந்தார். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். செட்டியார் கைகூப்பும் படம் அனுப்பினார்.

அன்று பிற்பகல் நல்ல வெயில். முன்கூடம் நிறைந்திருந்தது. செட்டியார் கண்ணாடிக் கதவைத் திறந்து ஓர் உறையை உருவினார். அதோடு பக்கத்தில் இருந்த உறைகளும் கொத்தாக வந்தன. இழுத்துப் பிரித்தார், பசையிலிருந்து காகிதம் கிழிவது போன்ற சத்தம். நாதஸ்வர சிடி உறைக்குள் இருந்தது. வெளியே வர மறுத்தது. விரலை விட்டு நெம்பினார்.

மணியம் அண்ணன் எட்டிப் பார்த்தார். “என்ன செட்டியாரே, சிடியா தோசையா? கல்லுலயே ஒட்டிக்கிச்சே!”

சிரிப்பு எழுந்தது. செட்டியார் இன்னொன்றை உருவினார். அதுவும் அப்படியே. இன்னொன்றை வேகமாக இழுத்தார். சிடி வந்தது. வந்த சிடி கண்ணாடி மாதிரி இருந்தது, அதன் வழியே அவர் விரல்கள் தெரிந்தன. வெள்ளி முழுக்க உறையோடு தங்கிவிட்டது. சிரிப்பு நின்றது.

“நாதஸ்வரத்த இழுக்காதீங்கண்ணே,” என்றார் அத்தை தன் இடத்திலிருந்தே. “போயிடும்.”

“தங்கச்சி! நீங்க வந்து பாருங்க. இத எப்படி எடுக்கறது? எங்கப்பாவோடது இது ஒண்ணுதான்.”

“ஒண்ணுதான்னா காப்பி போட்டு வச்சிருக்கணும்ணே. உங்ககிட்டதான் மெஷின் இருக்கே.”

செட்டியார் முகம் மாறியது. அத்தை எழுந்தார். குரல் இறங்கியிருந்தது, ஆனால் கூடமே அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

“என் தம்பி டிஸ்க் வரட்டும். அப்பறம் பாக்கறேன்.”

“இன்னும் அதையே புடிச்சிக்கிட்டு… அதான் அன்னிக்கே குடுத்துட்டேன்னு—”

“ஏங்க,” என்றார் கண்ணாத்தாள் ஆச்சி, தேநீர்த் தட்டோடு உள்ளேயிருந்து வந்தவர். “வெள்ளையா, நீல மையில எழுதுனதா? கிறிஸ்துமஸ்னு? அது உங்க மேச டிராயர்ல கெடக்கே. பேங்க் பேப்பரு தேடறப்பல்லாம் பாக்கறேன். யாருதுன்னு கேட்டதுக்குக் கடைக் கணக்குன்னீங்களே?”

செட்டியார் மனைவியைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். ஆச்சி அதைச் சட்டை செய்யாமல் தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் அப்பாவின் சிடி இருந்தது.

அது மெத்தென்ற ஓர் உறைக்குள் இருந்தது. ஓரம் மஞ்சள் பூத்திருந்தது.

அத்தையின் கை நீண்டு, பாதியில் நின்றது.

“இந்தக் கவர்ல யார் போட்டா?”

செட்டியார் தரையைப் பார்த்துச் சொன்னார். “கேஸ் மாத்தறப்ப கெடச்சிச்சி தங்கச்சி. வேற ஒரு கேஸ்ல, அடியில இருந்திச்சி. உங்க கவர்லயே போட்டு பத்திரமா… குடுக்கலாம்னுதான் இருந்தேன். அத்தன பேரு முன்னால குடுத்துட்டேன்னு சொல்லிட்டு, எப்படித் திருப்பிக் குடுக்கறது? வெக்கமா இருந்திச்சி.”

அத்தையின் உறைகள் இல்லாவிட்டால் அவர் ஒவ்வொரு பெட்டியையும் திறந்திருக்க மாட்டார். சிடி அகப்பட்டிருக்காது. அது உறையில் ஒட்டியும் இருக்காது. அத்தை இதை யோசித்தாரா என்று எனக்குத் தெரியாது. சிடியை உறையோடு இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தி, படி இறங்கி, காரில் ஏறும் வரை அப்படியே வைத்திருந்தார். நான்தான் ஓட்டினேன். குளிரூட்டியைக் கடைசி அளவுக்கு வைக்கச் சொன்னார்.

“சூடு ஆகாது. சூடு ஆனா இன்னும் ஒட்டும்.”

வீட்டில் ஐஸ்பெட்டியைக் காலி செய்தார். குளிரில் அந்தப் பிளாஸ்டிக் விறைத்துவிடும், பிடி விட்டுவிடும், அவசரப்படாமல் பிரித்தால் பூச்சு தப்பும். கடையில் இருந்தபோது கண்டுபிடித்தது. ஈரம் படாமல் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் வைத்துக் கட்டி, உள்ளே வைத்தார். கிளினிக்குக்கு விடுப்புச் சொன்னார். மறுநாள் மதியம் எடுத்தார். சமையல் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, நகத்தின் அகலத்துக்கு உறையைப் பிரிப்பார், நிறுத்துவார், மறுபடி ஐஸ்பெட்டியில் வைப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

உறை முழுதும் வந்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிடி இருந்தது. ஓரத்தில், அந்தக் கோட்டின் மேல், ஒரு வெந்தயம் அளவுக்கு வெளிச்சம் ஊடுருவியது.

அத்தை நேராகத் துடைத்தார். கருவியில் வைத்தார். பாட்டுகள் எல்லாம் வந்தன. அப்பாவின் பாட்டு முழுதும் வந்தது. நாற்காலி கிரீச்சிட்டது.

“அக்கா, நல்லா வந்துச்சா?”

பிறகு டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். கருவி நின்றது.

அத்தை திரும்பப் போட்டார். மறுபடி போட்டார். ஒவ்வொரு முறையும் அப்பா அக்காவிடம் கேட்டார், நல்லா வந்துச்சா என்று. அதோடு நின்றது.

“என் பங்கு இருக்கு,” என்றார் அத்தை கடைசியில். “உன் பங்குதான் போச்சு, அபி.”

நான் எழுந்து பாத்திரம் கழுவப் போனேன்.

அடுத்த ஞாயிறு செட்டியார் வந்தார். தனியாக வந்தார். முகத்தில் நாலு நாள் தாடி. கையில் நாதஸ்வர சிடி, உறையோடு, ஒரு நாளிதழில் சுற்றியது. வெயிலில் நடந்து வந்திருந்தார், நாளிதழ் விலகிய இடத்தில் உறை கசிந்து ஈரமாகப் பளபளத்தது. வாசற்படியில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டார். நன்றாகவே கேட்டார். அத்தை உள்ளே வரச் சொல்லி, சமையல் மேசையருகே உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

“இத மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க தங்கச்சி. அப்பறம் மத்தத எல்லாம் எப்படி எடுக்கறதுன்னு சொல்லுங்க, நானே பண்ணிக்கிறேன். எங்கப்பா ஞாபகம்.”

“குடுங்கண்ணே.”

அத்தை வாங்கி, நாளிதழை விலக்கி, உறைக்கு மேலாகவே அதைப் பிடித்தார். நடுத்துளையில் ஆள்காட்டி விரல், விளிம்பில் கட்டைவிரல். மேசையில் வைத்தார். உறையின் வாயைப் பிடித்தார். ஐஸ்பெட்டி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் திரும்பவில்லை. ஒரே இழுப்பில் உரித்தார்.

வெள்ளி முழுக்க உறையில் வந்தது. மேசைமேல் ஒரு வெறும் பிளாஸ்டிக் வட்டம் கிடந்தது.

செட்டியார் உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவர் அப்பாவின் நாதஸ்வரம் அதில் மீன் செதிலாக ஒட்டிக்கொண்டிருந்தது.

“என்ன தங்கச்சி இப்படி… கொஞ்சம் மெல்ல…”

“அந்தக் கவரு ஒட்டும்னு எனக்குத் தெரியும்ணே. தெரிஞ்சுதான் குடுத்தேன்.”

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. அலமாரி, வெயில், நெருக்கி அடுக்கியது, தூக்கிப் போட்ட பெட்டிகள் எல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போயின.

“அப்ப உங்க தம்பியோடதும்…”

“என் தம்பிய அதுல போட்டது நீங்க.”

செட்டியார் எழுந்தார். வீட்டில் அவருக்கு ஓர் அலமாரி நிறைய மிச்சம் இருந்தது. அத்தையிடம் இனிக் கேட்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பினார்.

“பாப்பா,” என்றார். “நீ படிச்ச புள்ள. கம்ப்யூட்டர்லாம் பாக்கறே. நீ சொல்லு. வீட்ல இருக்கறத எடுக்க வேற வழியே இல்லையா?”

எனக்குப் பின்னால் ஐஸ்பெட்டி மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.

“தெரியல, அங்கிள்,” என்றேன்.

அவர் உறையையும் வட்டத்தையும் நாளிதழில் சுற்றிக்கொண்டு போனார். அத்தை மேசையைத் துடைத்தார். பிறகு கிறிஸ்துமஸ் வரிசையின் கடைசியில் இருந்த பெட்டியைத் திறந்து அப்பாவை உள்ளே வைத்து மூடினார். அன்று இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம்.